அரை சென்டிமீட்டர் அகல நார்

அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பால் அணிகள் ஆண்டுக்கு ஒருமுறை பள்ளி, கல்லூரி ஆட்டக்காரர்களை வரிசையாகப் பெயர் சொல்லித் தேர்ந்தெடுக்கும். இதை டிராஃப்ட் என்பார்கள். 2006 ஜூனில் அது ஐம்பது சுற்று நடந்தது. ஏறத்தாழ 1500 இளைஞர்கள் தேர்வானார்கள். சான் டியேகோவுக்குப் பக்கத்தில் பள்ளிப்படிப்பை முடித்திருந்த ஸ்டீஃபன் ஸ்ட்ராஸ்பர்க் என்ற பதினேழு வயதுப் பையனின் பெயர் அதில் இல்லை. 2009 ஜூனில் நடந்த டிராஃப்டில் முதலில் வாசிக்கப்பட்ட பெயரே அவருடையதுதான். வாஷிங்டன் நேஷனல்ஸ் அணி அவருடன் போட்ட ஒப்பந்தம் 1.51 கோடி டாலர். அதுவரை டிராஃப்டில் வந்த யாருக்கும் அவ்வளவு கிடைத்ததில்லை.

இடையில் இருந்தது மூன்று ஆண்டுக் கல்லூரிப் படிப்பு. அந்த மூன்று ஆண்டில் ஒரு பையனின் உடம்பு எப்படி இவ்வளவு மாறியது, அதில் எந்தப் பகுதி மட்டும் மாற்றத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் நின்றது என்று பார்த்தால், இன்று பேஸ்பாலில் பந்தெறியும் பிட்சர்களின் முழங்கை ஏன் இத்தனை கிழிகிறது என்பதும் பெருமளவு விளங்கிவிடும்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பிட்சர் ஓடி வருவதில்லை. 25 செ.மீ. உயரமுள்ள ஒரு மண்மேட்டில், புதைத்து வைத்த ரப்பர் பலகையில் கால் பதித்து நின்ற இடத்திலிருந்தே எறிகிறார். பேட்டர் நிற்கும் தளம் 18.44 மீட்டர் தள்ளி இருக்கிறது. பந்து தரையில் குத்தி எழாமல் நேராக அங்கே போக வேண்டும். 2003 உலகக் கோப்பையில் ஷோயப் அக்தர் மணிக்கு 161.3 கி.மீ. வேகத்தில் வீசிய பந்து நமக்கு நினைவிருக்கும். பவுண்டரிக் கோட்டுப் பக்கத்திலிருந்து ஓடி வந்து வீசியது அது. ஸ்ட்ராஸ்பர்க் கல்லூரியிலேயே, நின்ற இடத்திலிருந்து, 160-ஐத் தாண்டி எறிந்தார்.

இந்த வேகத்தின் ரகசியம் முழங்கையில் இருக்கிறது. கிரிக்கெட்டில் பந்து வீசும்போது முழங்கை 15 டிகிரிக்கு மேல் நிமிரக் கூடாது. பேஸ்பாலில் அந்தத் தடையே கிடையாது. பிட்சர் முழங்கையை ஏறத்தாழ 90 டிகிரி மடக்கி, தோளிலிருந்து முன்கையைப் பின்னால் சாய்த்து, பிறகு சுழற்றி விடுகிறார். நம் வேகப்பந்து வீச்சாளர்களுக்கு அடிமுதுகு எலும்பில் விரிசல் விழுவதும், பேஸ்பால் பிட்சர்களுக்கு முழங்கையும் தோளும் போவதும் இந்த வேறுபாட்டால்தான். பளு எந்த மூட்டின் வழியாகப் போகிறதோ அங்கேதான் சேதமும் விழுகிறது.

ஸ்ட்ராஸ்பர்க் சேர்ந்தது சான் டியேகோ மாநிலப் பல்கலைக்கழகம். அங்கே பேஸ்பால் பயிற்சியாளராக இருந்தவர் டோனி க்வின். தொழில்முறை ஆட்டத்தில் 3141 முறை வெற்றிகரமாக அடித்துத் தளம் சேர்ந்தவர். அந்த ஊரே கொண்டாடும் பேட்டர். பையன் அவரிடம் வந்தபோது எடை ஏறத்தாழ 113 கிலோ. உடற்பயிற்சிக் கூடத்தில் சில நிமிடங்களிலேயே வாந்தி எடுத்தார். அங்கிருந்த பயிற்றுநர் சோம்பேறி என்று பொருள்படும்படி அவர் பெயரையே திரித்து அழைத்தார். பேஸ்பாலை விட்டுவிடலாமே என்றுகூட அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். பையன் விடவில்லை. காலையும் இடுப்பையும் வலுவாக்கி, பதின்மூன்று கிலோவுக்கு மேல் எடையைக் குறைத்தார். முதல் ஆண்டில் ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸை மட்டும் எறிந்து முடித்துக் கொடுக்கும் வேலை. இரண்டாம் ஆண்டில் ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர். 2008 ஏப்ரல் 11 அன்று யூட்டா பல்கலைக்கழகத்துக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 23 பேரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கினார், அதாவது பந்தை ஆட்டத்துக்குள் அடிக்கவிடாமலே வெளியேற்றினார். ஒரு ஆட்டத்தில் ஒரு அணிக்குக் கிடைப்பதே, இன்னிங்ஸுக்கு மூன்றாக ஒன்பது இன்னிங்ஸில், 27 அவுட்கள்தான். அந்த ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற அமெரிக்க அணியில் கல்லூரி மாணவர் அவர் ஒருவரே. 2009-இல் 109 இன்னிங்ஸில் 195 ஸ்ட்ரைக் அவுட்.

எடை குறைந்து, காலும் இடுப்பும் வலுவானதும் எறியும் வேகம் ஏன் ஏற வேண்டும்? எறிவது கைதானே என்று தோன்றும். கை கடைசியில்தான் வருகிறது.

பிட்சர் முன்காலைத் தூக்கி, தன் உயரத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேலான தூரத்துக்கு நீட்டி ஊன்றுகிறார். கால் தரையில் பதிந்த நொடியிலிருந்து பந்து விரலை விட்டுப் போகும் வரை மொத்தம் 0.15 நொடி. அதற்குள் நடப்பதை உயர்வேகக் காமிராக்கள் அளந்து வைத்திருக்கின்றன. முதலில் இடுப்பு திரும்புகிறது, நொடிக்கு ஏறத்தாழ 600 டிகிரி வேகத்தில். மார்பும் தோளும் இன்னும் பின்னாலேயே இருக்கின்றன. இடுப்பு வேகம் குறையத் தொடங்கும்போது அதன் உந்தத்தை மேலுடல் வாங்கிக்கொண்டு நொடிக்கு 1100 டிகிரிக்கு மேல் திரும்புகிறது. அடுத்து முழங்கை நொடிக்கு 2000 டிகிரிக்கு மேலான வேகத்தில் நிமிர்கிறது. இறுதியாக மேற்கை தோள் மூட்டில் உட்பக்கமாகச் சுழல்வது நொடிக்கு 7000 டிகிரி வேகத்தில். மனித உடம்பில் இதுவரை அளக்கப்பட்ட அசைவுகளில் இதுதான் மிக வேகமானது. சாட்டையின் பிடியில் கொடுத்த மெதுவான அசைவு நுனியில் வெடிச்சத்தமாக முடிகிறதே, அதே கணக்கு. கனமான பகுதி நின்று தன் வேகத்தை அடுத்திருக்கும் இலேசான பகுதிக்குக் கொடுத்துவிடுகிறது. பிடி வலுவானால் நுனியின் வேகம் கூடும்.

கைக்கு இந்த வேகம் எங்கிருந்து வந்தது என்று ஹார்வர்டில் நீல் ரோச்சும் டேனியல் லீபர்மனும் ஒரு சோதனை செய்து பார்த்தார்கள். முடிவு 2013-இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. கல்லூரி விளையாட்டு வீரர்கள் இருபது பேரை, பெரும்பாலும் பேஸ்பால் ஆட்டக்காரர்களை, எறியச் சொல்லி உடலசைவைப் படம்பிடித்தார்கள். பிறகு அவர்களுக்குத் தோளையும் இடுப்பையும் இறுக்கும் பட்டைகளை மாட்டி மறுபடி எறியச் சொன்னார்கள். எந்த அசைவைத் தடுத்தால் எவ்வளவு வேகம் குறைகிறது என்று பார்த்தார்கள். தோள் பின்னால் சாயும்போது அதன் நார்களும் தசைகளும் இழுபட்டு ஆற்றலைச் சேமிக்கின்றன, முன்னே சுழலும்போது அதைத் திருப்பிக் கொடுக்கின்றன என்பது தெரிய வந்தது. சிம்பன்சி நம்மைவிட வலுவானது, இருந்தும் அதன் எறி மணிக்கு 30 கி.மீ. அளவில் நின்றுவிடுகிறது. உயரம் இறங்கிய தோள், நெகிழும் இடுப்பு, மேற்கை எலும்பின் குறைந்த முறுக்கு ஆகிய மூன்றும் நம் முன்னோர்களிடம் ஒன்றுசேர்ந்தது ஏறத்தாழ 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன் என்பது அவர்கள் முடிவு. வேட்டைக்காக அமைந்த தோள் அது. ஆனால் எந்த வேட்டைக்காரரும் ஒரே பிற்பகலில் நூறு முறை முழு வேகத்தில் எறிந்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை.

சிறுவயதிலிருந்து எறிபவருக்கு எலும்பே மாறிவிடுகிறது. பிறக்கும்போது மேற்கை எலும்பின் தலை பின்னோக்கித் திரும்பியிருக்கும். வளர வளர அந்தத் திருப்பம் குறைந்துகொண்டே வரும். எறியும் கையில் அது முழுதாகக் குறையாமல் நின்றுவிடும். அதனால் கையை மற்றவர்களைவிட அதிகமாகப் பின்னால் சாய்க்க முடிகிறது. எறியும் கையின் எலும்பு முறுக்கைத் தாங்கும் வலிமை மற்ற கையைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று 2014-இல் வந்த ஒரு ஆய்வு காட்டியது. எறிவதை விட்டுப் பல பத்தாண்டுகள் ஆன முதியவர்களிடமும் அந்தக் கூடுதல் வலிமையில் மூன்றில் ஒரு பங்கு அப்படியே இருந்ததாம். பயிற்சியில் தசை சில வாரங்களில் வளர்கிறது, எலும்பு சில ஆண்டுகளில் மாறுகிறது. சிக்கல் இவை இரண்டிலும் இல்லை.

முழங்கையின் உட்பக்கத்தில், மேற்கை எலும்பையும் சுண்டுவிரல் பக்கத்து முன்கை எலும்பையும் கட்டி வைத்திருக்கும் ஒரு லிகமென்ட் இருக்கிறது. அதில் முக்கியப் பங்கு வகிக்கும் முன் இழை இரண்டரை செ.மீ. நீளம், அரை செ.மீ. அகலம். கை முழுதாகப் பின்னால் சாய்ந்து, முன்னே சுழலத் திரும்பும் அந்த நூறில் சில பங்கு நொடியில், முழங்கையின் உட்பக்கம் பிளந்து திறந்துகொள்ளப் பார்க்கிறது. திறக்காமல் பிடித்து வைப்பது முதலில் இந்த நார்தான்.

அலபாமாவின் பர்மிங்ஹாமில் உள்ள அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கழகத்தில் க்ளென் ஃபிளைசிக்கும் அவர் குழுவும் 1990-களில் இந்த முறுக்குவிசையைக் கணக்கிட்டார்கள்: ஏறத்தாழ 64 நியூட்டன் மீட்டர். முழங்கையிலிருந்து 30 செ.மீ. தள்ளி, கையை இருபது கிலோவுக்கு மேலான பளு பக்கவாட்டில் இழுப்பதற்குச் சமம். இறந்தவர்களின் முழங்கைகளை எடுத்து, இந்த நார் எவ்வளவு முறுக்கில் அறுகிறது என்று சோதித்தவர்களுக்குக் கிடைத்த எண் அதில் பாதிதான், ஏறத்தாழ 32.

அப்படியென்றால் ஒவ்வொரு பந்திலும் நார் அறுந்திருக்க வேண்டுமே? அறுவதில்லை, ஏனென்றால் பளுவை நார் தனியாகச் சுமக்கவில்லை. முன்கையின் உட்பக்கத் தசைகள் அந்தக் கணத்தில் சுருங்கி மூட்டை இறுக்குகின்றன. எலும்புகள் ஒன்றையொன்று அழுத்திக் கொஞ்சம் தாங்குகின்றன. இந்தப் பங்கீட்டைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். தசை சோர்ந்தால் அதன் பங்கு குறையும், நாரின் பங்கு ஏறும். பந்தின் வேகம் அதே அளவில் இருக்கலாம், பார்ப்பவர்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியாமல் போகலாம். வளரிளம் பருவப் பிட்சர்களில் அறுவைச் சிகிச்சைக்கு வந்தவர்களையும் வராதவர்களையும் ஒப்பிட்டு 2006-இல் வந்த ஆய்வில், கை சோர்ந்த பிறகும் வழக்கமாக எறிந்துவந்தவர்களுக்கு ஆபத்து 36 மடங்கு இருந்தது. ஆண்டில் எட்டு மாதத்துக்கு மேல் எறிந்தவர்களுக்கு ஐந்து மடங்கு. இந்தத் துறையில் நான் படித்த எண்களில் அந்த 36-ஐப் போல என்னை நிறுத்தி வைத்தது வேறில்லை.

நார் பயிற்சியால் வலுப்பெறாதா? ஓரளவு தடிக்கிறது. ஆனால் அதற்குள் இரத்த ஓட்டம் குறைவு. சிறு கிழிசல்கள் ஆற நாளாகும். குதிகால் தசைநாணை வைத்து டென்மார்க்கில் நடந்த ஒரு அருமையான ஆய்வு உண்டு. 1950, 60-களின் அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கலந்த கதிரியக்கக் கார்பனைக் கொண்டு, தசைநாணின் உள்மையம் எப்போது உருவானது என்று நாள் குறித்தார்கள். ஏறத்தாழ பதினேழு வயதுக்குள் உருவானதே கடைசிவரை இருக்கிறது, புதுப்பிக்கப்படுவதே இல்லை என்ற முடிவு கிடைத்தது. முழங்கை நாரும் கொலாஜன் இழைகளால் ஆனதுதான் என்றாலும், குதிகாலில் கண்டதை அப்படியே இங்கே கொண்டுவந்து ஒட்ட முடியாது. ஆனால் கல்லூரிப் பிட்சரின் நிலைமையை இது எனக்கு நெருக்கமாகக் காட்டுகிறது. பதினேழு வயதில் வளர்ந்து முடிந்த ஒரு நார் இருக்கும் கையோடு பையன் கல்லூரிக்கு வருகிறான். அடுத்த மூன்று ஆண்டில் காலும் இடுப்பும் முதுகும் மளமளவென்று வலுவாகின்றன. சேர்த்த விசையெல்லாம் கடைசியில் போய் நிற்பது பழைய நாரின் மேல்தான்.

எதற்காக இந்த வேகம் என்றால், பேட்டரிடமிருந்து நேரத்தைப் பறிக்கத்தான். 160 கி.மீ. வேகத்தில் புறப்பட்ட பந்து தளத்தை அடைய 0.4 நொடி ஆகிறது. பேட்டை வீசவே 0.15 நொடி தேவை. எஞ்சிய நேரத்தில் பந்து எங்கே வரும் என்று பேட்டர் முடிவெடுத்தாக வேண்டும். அதோடு சுழற்சியும் சேர்கிறது. விரல்கள் பந்தின் தையலை இழுத்துவிடுவதால் அது நிமிடத்துக்கு 2300 சுற்று அளவில் பின்னோக்கிச் சுழல்கிறது. காற்றைக் கீழ்நோக்கித் தள்ளிவிட்டு, அதன் எதிர்விசையால் தன்னைத் தாங்கிக்கொள்கிறது. சுழலாத பந்தைவிட இது 40 செ.மீ. அளவு குறைவாகவே இறங்கும். பந்து மேலே எழுந்தது என்று பேட்டர்கள் சத்தியம் செய்வார்கள். எழவில்லை, அவர்கள் கண் எதிர்பார்த்த அளவு இறங்கவில்லை. இதற்கு ஜோடியாக ஸ்ட்ராஸ்பர்க்கிடம் சேஞ்சப் என்ற பந்தும் இருந்தது. கை அதே வேகத்தில் வரும். பந்து உள்ளங்கைக்குள் ஆழமாகப் பிடிக்கப்பட்டிருப்பதால் வேகம் மட்டும் குறைந்து போகும். வேகப்பந்துக்குத் தயாரான பேட்டர் பந்து வருவதற்கு முன்பே வீசி முடித்திருப்பார்.

2010 ஜூன் 8 அன்று முதல்நிலைத் தொழில்முறை ஆட்டத்தில் அவர் முதன்முதலாக இறங்கினார். ஏழு இன்னிங்ஸில் பிட்ஸ்பர்க் அணியின் 14 பேர் ஸ்ட்ரைக் அவுட். அதே ஆண்டு ஆகஸ்ட் 21, ஃபிலடெல்ஃபியாவில் ஐந்தாவது இன்னிங்ஸில் ஒரு சேஞ்சப் எறிந்துவிட்டு முகம் சுளித்துக் கையை உதறினார். நார் கிழிந்திருந்தது. கவனிக்க வேண்டியது இங்கே ஒன்று உண்டு. கல்லூரிப் பிட்சர்களை வைத்தே ஃபிளைசிக் குழு செய்த இன்னொரு ஆய்வில், நான்கு வகைப் பந்துகளில் மூட்டுகளுக்குக் குறைந்த பளு தருவது சேஞ்சப்தான் என்று தெரிந்திருந்தது. இருப்பதிலேயே சாதுவான பந்தில் நார் போகிறதென்றால், அது அந்த ஒரு பந்தால் போனதாக இருக்க முடியாது. முந்தைய ஆயிரக்கணக்கான பந்துகளில் இழை இழையாக நைந்து வந்தது அன்று முடிந்தது. அந்த ஆயிரங்களில் கணிசமான பகுதி கல்லூரியில் எறியப்பட்டவை.

செப்டம்பர் 3 அன்று லூயிஸ் யோகம் என்ற மருத்துவர் அறுவைச் சிகிச்சை செய்தார். டாமி ஜான் சிகிச்சை என்று உலகம் முழுக்க அறியப்படும் அது, ஒரு பிட்சரின் பெயரால் வழங்குகிறது. 1974 ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியின் டாமி ஜானுக்கு இடது முழங்கை நார் அறுந்தது. அணியின் மருத்துவர் ஃபிராங்க் ஜோப், செப்டம்பர் 25 அன்று ஜானின் வலது மணிக்கட்டிலிருந்து ஒரு தசைநாணை எடுத்து, முழங்கை எலும்புகளில் துளையிட்டு, எட்டு என்ற எண் வடிவில் கோத்துக் கட்டினார். பலிக்க நூற்றில் ஒரு வாய்ப்பு என்றுதான் அவரே மதிப்பிட்டிருந்தார். ஜான் 1976-இல் திரும்பி வந்து 1989 வரை எறிந்தார். அவருடைய 288 வெற்றிகளில் 164 அந்த அறுவைக்குப் பிறகு வந்தவை.

எடுத்த தசைநாண் எது என்று இதைப் படிப்பவர்களே பார்த்துக்கொள்ளலாம். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் நுனியில் சேர்த்து, மணிக்கட்டை இலேசாக உட்பக்கம் மடக்குங்கள். மணிக்கட்டின் நடுவில் கயிறுபோல் ஒன்று புடைத்து நிற்கும். அது இல்லாதவர்கள் நூற்றில் பதினைந்து பேர்வரை இருக்கிறார்கள், இல்லாததால் அவர்களுக்குக் கையில் எந்தக் குறையும் தெரிவதில்லை. அதனால்தான் அதை எடுக்கத் துணிந்தார் ஜோப். ஒட்டிய பிறகு நடப்பது இன்னும் வியப்பு. பழைய செல்கள் இறக்கின்றன, புது இரத்தக் குழாய்கள் உள்ளே நுழைகின்றன, தசையை எலும்போடு கட்டப் பிறந்த நாண், எலும்பை எலும்போடு கட்டும் நாராக மெல்ல மாறுகிறது. ஒரு ஆண்டு முதல் ஒன்றரை ஆண்டு பிடிக்கும். இதை எந்தப் பயிற்சியாலும் அவசரப்படுத்த முடியாது.

ஸ்ட்ராஸ்பர்க் ஒரு ஆண்டில் திரும்பினார். 2012 பருவத்தில் மொத்தம் 98 ஆட்டங்களை வென்ற நேஷனல்ஸ் முன்னணியில் இருந்தபோது, செப்டம்பரில், 159 இன்னிங்ஸ் தாண்டியதும் அணி நிர்வாகம் அவரை நிறுத்திவிட்டது. அந்த ஆண்டு இறுதிச் சுற்றுகளில் அவர் எறியவில்லை. அணி செயின்ட் லூயிஸிடம் தோற்றது. இன்றும் அதைத் திட்டுபவர்கள் உண்டு. நான் நிர்வாகத்தின் பக்கம். புது நார் இன்னும் முதிராத கையைப் பார்த்து எடுத்த முடிவு அது. 2019-இல் அதே கை 209 இன்னிங்ஸ் எறிந்து, இறுதிப் போட்டியான உலகத் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருதையும் வாங்கியது. 2012 ஓய்வுதான் இதற்குக் காரணம் என்று நிரூபிக்க வழியில்லை. நிறுத்தாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்க்க இன்னொரு ஸ்ட்ராஸ்பர்க் இல்லை.

அந்த விருதுக்குப் பிறகு ஏழு ஆண்டுக்கு 24.5 கோடி டாலர் ஒப்பந்தம். அதன்பின் முதல்நிலையில் அவர் எறிந்தது எட்டே ஆட்டங்கள், 31 இன்னிங்ஸ் சொச்சம். இம்முறை முழங்கை பிழைத்துக்கொண்டது. காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் இடையிலுள்ள சந்தில், கைக்குப் போகும் நரம்புகளும் இரத்தக் குழாய்களும் நெருக்கப்பட்டன. 2021-இல் ஒரு விலா எலும்பையும் கழுத்துத் தசைகள் இரண்டையும் எடுத்துப் பார்த்தார்கள். சரிவரவில்லை. 2024 ஏப்ரலில் ஓய்வு பெற்றார்.

எறியும் பாணியில் பிழை இருந்ததா? ஸ்ட்ராஸ்பர்க்கின் முழங்கைகள் தோளுக்கு மேல் எழுவதைக் காட்டிக் குறை சொன்னவர்கள் பலர். அவர்களுக்கு நான் காட்டுவது மார்க் பிரையரை. தெற்குக் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 2001-இல் 202 ஸ்ட்ரைக் அவுட் எடுத்து, பிழையே இல்லாத பாணி என்று எல்லோரும் புகழ்ந்த பிட்சர். அவருடைய கடைசி முதல்நிலைத் தொழில்முறை ஆட்டம் 2006-இல், இருபத்தைந்து வயதில், முடிந்துபோனது. பாணி ஒரு காரணம்தான். வேகமும் எண்ணிக்கையும் சோர்வும் அதைவிடப் பெரிய காரணங்கள்.

கல்லூரி ஆட்டத்தின் அமைப்பையும் இங்கே பார்க்க வேண்டும். பிப்ரவரி நடுவில் தொடங்கி, நெப்ராஸ்காவின் ஒமாஹாவில் ஜூனில் முடியும் பருவம் அது. ஒவ்வொரு வாரமும் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாள் ஆட்டம். அணியின் தலைசிறந்த பிட்சருக்கு வெள்ளிக்கிழமை. அடுத்த வெள்ளி வரை ஓய்வு. தொழில்முறையில் ஐந்து நாளுக்கு ஒருமுறை எறிய வேண்டியிருப்பதோடு ஒப்பிட்டால் இது நல்ல ஏற்பாடுதான். கெடுவது கடைசியில். 64 அணிகள் மோதும் இறுதிச் சுற்றுகளில், தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டும் என்ற நிலையில், இரண்டு மூன்று நாளிலேயே அதே கையை மறுபடி மேட்டில் ஏற்றுகிறார்கள். 2009 மே 30 அன்று ஆஸ்டினில் டெக்சாஸும் பாஸ்டன் காலேஜும் மோதிய ஆட்டம் ஒன்பது இன்னிங்ஸில் முடியாமல் 25 வரை நீண்டது. டெக்சாஸின் ஆஸ்டின் வுட் நடுவில் வந்து 13 இன்னிங்ஸ், 169 பந்துகள் எறிந்தார். முந்தைய நாளும் எறிந்திருந்தார். டெக்சாஸ் 3-2 என்று வென்றது. வுட் பிறகு தோள் அறுவைச் சிகிச்சைக்குப் போனார். முதல்நிலைத் தொழில்முறை ஆட்டம் ஒன்றிலும் அவர் இறங்கவே இல்லை. அந்த இரவைக் கல்லூரி பேஸ்பாலின் வீரக் கதையாக இன்றும் சொல்கிறார்கள். என்னால் அதை அப்படிக் கொண்டாட முடியவில்லை. மாணவனின் கையைக் காப்பது அவனுடைய பொறுப்பு அல்ல. இருபது வயதில் யாரும் தன்னை எடுத்துவிடுங்கள் என்று கேட்க மாட்டார்கள். அது பெரியவர்களின் வேலை.

எல்லாக் கையும் உடைவதில்லை. பால் ஸ்கீன்ஸ் 2023-இல் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்காக 209 ஸ்ட்ரைக் அவுட் எடுத்து, ஒமாஹாவில் கோப்பையையும் வென்று, டிராஃப்டில் முதல் பெயராக வந்தவர். பிட்ஸ்பர்க் அணி அவரைக் கவனமாக, இடைவெளி விட்டு எறியவைத்து வளர்த்தது. 2024-இன் சிறந்த அறிமுக ஆட்டக்காரர் விருது அவருக்கு. ஆனால் பொதுவான போக்கு வேறு பக்கம் இருக்கிறது. தொழில்முறைப் பேஸ்பால் நிர்வாகம் 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கைப்படி, வேகப்பந்தின் சராசரி வேகம் 2008-இல் 147 கி.மீ. அளவில் இருந்து 2024-இல் 152-ஐ நெருங்கிவிட்டது. தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு நடந்த டாமி ஜான் சிகிச்சைகள் 2010-இல் 104, 2024-இல் 281. டிராஃப்டுக்கு முன் ராடார் கருவியில் வரும் எண்ணைப் பார்த்துத்தான் பணம் தீர்மானமாகிறது என்பது பதினைந்து வயதுப் பையனுக்கும் தெரியும். அவன் ஒவ்வொரு பந்தையும் முழு வேகத்தில் எறியப் பழகுகிறான்.

பந்தின் வேகம், சுழற்சி, விடுபடும் உயரம் எல்லாம் இன்று தசமப் புள்ளி வரை தெரிகிறது. முழங்கைப் பட்டையில் தைத்த உணரி, ஒவ்வொரு எறியிலும் மூட்டின் முறுக்கை மதிப்பிட்டுச் சொல்கிறது. உயிரோடிருக்கும் ஒரு முழங்கையில் நாருக்கு இன்னும் எவ்வளவு வலிமை மிச்சம் இருக்கிறது என்பதை நேரடியாக அளக்கும் கருவிதான் இல்லை. கையைப் பக்கவாட்டில் தள்ளி, மூட்டு எத்தனை மில்லிமீட்டர் திறக்கிறது என்று அல்ட்ராசவுண்டில் பார்ப்பது அதற்கு நெருங்கிய வழி. பருவத் தொடக்கத்தில் ஒருமுறை, நடுவில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை என்று ஒவ்வொரு கல்லூரிப் பிட்சருக்கும் அதைச் செய்து ஒப்பிடலாம். பெரிய செலவும் இல்லை. அதுவரை சோர்வைப் பார்க்கும் கண் வேண்டும். ஏழாவது இன்னிங்ஸில் பந்தின் வேகம் நாலைந்து கி.மீ. இறங்கி, கை விடும் உயரமும் கொஞ்சம் தாழ்ந்தால், முன்கைத் தசைகளும் தம் பங்கைக் குறைக்கத் தொடங்கிவிட்டன என்று எடுத்துக்கொள்ளலாம். அந்த எண்கள் பயிற்சியாளர் முன்னால் இருக்கும் திரையில் அப்போதே வந்துவிடுகின்றன.